நடை தாண்டாத பெண்கள்

மழை பிடித்துவிட்டால் எங்கள் கடையில் வேலை பாதியாகிவிடும். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் ஒரு ரப்பர் ஷீட் கடையில் கணக்கு எழுதுகிறேன். வெட்டுப்பட்டையில் தண்ணீர் இறங்கினால் பால் வெட்ட முடியாது. வெட்டு இல்லையென்றால் ஷீட் வராது, தராசு சும்மா நிற்கும். எடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி மழை இரண்டுமே எங்கள் மாவட்டத்துக்கு உண்டு என்பதால், என்னை மாதிரி படிக்கிறவர்களுக்கு வருஷத்தில் இரண்டு பருவம் கிடைக்கிறது. இந்த முறை அந்தப் பருவத்தில் படித்த நாவல்களைப் பற்றி எழுத வேண்டும் என்று சில நாளாகவே மனதில் கிடக்கிறது.

எங்கள் கிளை நூலகத்தில் இருக்கும் அக்கா, நம் மாவட்டத்துக்காரர்கள் எழுதிய புத்தகங்களை ஒரே தட்டில் சேர்த்து வைத்திருக்கிறார். அதிலிருந்து எடுத்தேன். மூன்று நாவல்களும் எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போய்ச் சேரக்கூடிய பக்கத்துக் கதைகள். ஒன்று பனைவிளை என்னும் கிராமத்தில் நடக்கிறது, இன்னொன்று தேங்காப்பட்டணம் கடற்கரையில், மூன்றாவது இரணியலில். கிறிஸ்தவ நாடார் வீடு, முஸ்லிம் வீடு, செட்டியார் வீடு. கும்பிடும் சாமி வேறு, சாப்பாடு வேறு, பேச்சில் வரும் சொற்கள்கூட வேறு. ஆனால் மூன்றையும் படித்து முடித்தபோது ஒரே வீட்டுக்குள் மூன்று வாசல் வழியாகப் போய்வந்த மாதிரி இருந்தது எனக்கு. மூன்று வீட்டிலும் பெண் நடை, அதாவது வாசல்படி, தாண்டக் கூடாது.

முதலில் படித்தது ஹெப்சிபா ஜேசுதாசனின் புத்தம் வீடு. 1964-இல் வெளிவந்த நாவல். எழுதியவர் 1925-இல் பர்மாவில் பிறந்தவர், திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியையாக இருந்தவர். ஆங்கிலம் சொல்லிக் கொடுத்த ஒருவர் எங்கள் ஊர்ப் பேச்சை இவ்வளவு சுத்தமாக, ஒரு இடத்தில்கூடக் கேலி தொனிக்காமல் எழுதியிருக்கிறார் என்பதுதான் என்னை முதலில் இழுத்தது. சின்ன நாவல். இரண்டு மதியத்தில் முடித்துவிடலாம். நான் அப்படி முடிக்கவில்லை, அம்மாவுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டே படித்தேன். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆன பிறகு எழுத்து தெரிகிறது, ஆனால் கொஞ்ச நேரத்திலேயே கண் வலிக்கிறது என்பார். அதனால் இரவுச் சாப்பாடு ஆனதும் நான் வாசிப்பேன், அவர் வெற்றிலை இடித்துக்கொண்டே கேட்பார்.

கதை லிஸி என்ற பெண்ணைப் பற்றியது. புத்தம் வீடு ஒரு காலத்தில் பெரிய வீடு. தாத்தா கண்ணப்பச்சியின் காலத்து கௌரவம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, காசு மட்டும் கரைந்துகொண்டிருக்கிறது. லிஸியின் அப்பா குடிகாரர். லிஸி வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றுபோகிறது. அதற்குப் பிறகு அவளுக்கு வீடுதான், அடுக்களைதான், எப்போதாவது கோவில்தான். அவளுடைய சித்தப்பா மகள் லில்லிக்குக் கிடைக்கிற வாழ்வு வேறு. இதையெல்லாம் ஆசிரியர் பெரிய கொடுமை நடக்கிறது என்று கத்திச் சொல்வதே இல்லை. வீட்டில் யாரும் லிஸியை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. அவளை வெளியே விடவில்லை, அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் என்பதற்குள் எத்தனை வருஷம் போகிறது என்பதை நாவல் நமக்குக் காட்டிவிடுகிறது.

அந்த இடத்தை வாசிக்கும்போது அம்மா என்னை நிறுத்தச் சொன்னார். “எனக்க பெரியம்மைக்கும் இப்படித்தான் மக்ளே. ஜன்னல் வழியாத்தான் ரோட்டப் பாப்பாவ” என்றார். அந்தப் பெரியம்மை வாக்கப்பட்டுப் போன வீடு வசதியான வீடு. நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் அவருடைய கையெழுத்தைப் பார்த்திருக்கிறேன், அம்மாவின் பழைய பைபிளின் முதல் பக்கத்தில் பிள்ளைகளின் பிறந்த தேதிகளை எழுதி வைத்திருக்கிறார். அச்சடித்த மாதிரி அழகான எழுத்து. அந்தக் கையெழுத்துக்கு வேறு எந்த வேலையும் கிடைக்கவில்லை.

லிஸி விரும்புவது தங்கராஜை. அவன் அவர்கள் பனையில் ஏறுகிற அன்பையனின் மகன். இருவரும் ஒரே சாதி, ஒரே சபை. ஆனால் பனை வைத்திருக்கிறவன் வேறு, பனையில் ஏறுகிறவன் வேறு. வெளியூர்க்காரர்கள் இந்த நாவலைப் படித்தால் இது எவ்வளவு பெரிய சுவர் என்று பிடிபடுமோ என்னவோ. எங்களுக்குப் பிடிபடும். என் பாட்டா, அதாவது அப்பாவின் அப்பா, பனையேறி. முருக்குத்தடியும் பாளை அரிவாளும் எங்கள் பழைய வீட்டின் கூரை இறப்பில் செருகியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். காலையில் ஒரு தடவை, அந்திக்கு ஒரு தடவை ஒவ்வொரு பனையும் ஏறி, பாளையின் நுனியைச் சீவி, கலயத்தைக் கட்டி இறங்க வேண்டும். ஒரு நேரம் சீவாமல் விட்டால் பாளை அடைத்துக்கொள்ளும். காய்ச்சல் என்றாலும் ஏறத்தான் வேண்டும். அவருடைய நெஞ்சிலும் முழங்காலின் உள்பக்கத்திலும் தோல் காய்த்துப் போயிருக்கும் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

அதனால் நான் இந்த நாவலை லிஸியின் பக்கம் நின்று மட்டும் படிக்கவில்லை. அன்பையன் வீட்டுப் பிள்ளையாகவும் படித்தேன். புத்தம் வீட்டுத் திண்ணையில் எங்கள் ஆட்களை உட்கார வைத்திருக்க மாட்டார்கள். அந்த வீட்டுக்காரர்கள் தங்கராஜைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு வரியும் என் மேல் வந்து விழுந்தது. நாவலின் பின்பாதியில் ஒரு கொலையும் பழியும் வருகிறது. அதை நான் இங்கே சொல்லப் போவதில்லை, படிக்கிறவர்களுக்கு அது தெரியாமல் இருப்பதே நல்லது. என் அபிப்பிராயத்தில் நாவலின் பலம் அந்தக் கொலையில் இல்லை, அதற்கு முன்னால் எதுவுமே நடக்காமல் போகிற வருஷங்களில் இருக்கிறது. பின்பாதி வேகமாக ஓடிவிடுகிறது. முன்பாதியின் நிதானத்தில் இன்னும் ஐம்பது பக்கம் இருந்திருந்தால் நான் சந்தோஷமாகப் படித்திருப்பேன்.

அடுத்தது தோப்பில் முஹம்மது மீரானின் ஒரு கடலோர கிராமத்தின் கதை. 1988-இல் புத்தகமாக வந்தது. அவர் தேங்காப்பட்டணத்துக்காரர், 1944-இல் பிறந்து 2019-இல் மறைந்தார். மலையாளம் வழியாகப் படித்தவர், பிழைப்புக்கு மிளகாய் வியாபாரம் செய்தவர். 1997-இல் சாய்வு நாற்காலி நாவலுக்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. மிளகாய் வற்றல் மூட்டைக்குக் கணக்குப் பார்த்த கை நாவல் எழுதியிருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. நானும் எடை, விலை, பாக்கி என்று நாள் முழுக்க எழுதுகிறவள். வியாபாரம் தெரிந்தவர் எழுதும்போது யார் யாரிடம் கடன்பட்டிருக்கிறார்கள், யார் யாருக்கு முன்னால் எழுந்து நிற்க வேண்டும் என்பதெல்லாம் தானாகவே சரியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சுதந்திரத்துக்கு முந்தைய காலம். வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி சொன்னதுதான் ஊரில் சட்டம். அந்த ஊரில் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வருகிறது. இங்கிலீஷ் படித்தால் மார்க்கம் கெட்டுவிடும் என்று முதலாளி எதிர்க்கிறார். அவருக்கு உண்மையான பயம் வேறு என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. படித்தவன் எழுந்து நிற்க மாட்டான். சுறாப்பீலி, அதாவது சுறாத் துடுப்பு வியாபாரி மஹ்மூது ஒருத்தர்தான் நேருக்கு நேர் நிற்கிறவர். அவர் வருகிற பக்கங்களை எல்லாம் நான் இரண்டு தடவை படித்தேன்.

வெளியே இவ்வளவு சண்டை நடந்துகொண்டிருக்கும்போது, வடக்கு வீட்டுக்குள்ளே ஆயிஷா இருக்கிறாள். பள்ளிக்கூடம் வேண்டுமா வேண்டாமா என்று ஊரே பேசுகிறது. ஆனால் அந்தப் பேச்சில் அவள் இல்லவே இல்லை. அவளை ஒரு வார்த்தை கேட்காமலே அவள் வாழ்க்கை முடிவாகிறது. லிஸிக்காவது தாத்தாவின் பிரியம் இருந்தது. ஆயிஷாவுக்கு மரியாதை இருக்கிறது, நகை இருக்கிறது, பெரிய வீட்டுப் பெண் என்ற பேர் இருக்கிறது. கதை எங்கே போகிறது என்பதை முன்கூட்டியே நான் ஊகித்துவிட்டேன், ஆனாலும் அந்த இடம் வந்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்துபோக வேண்டியிருந்தது.

தேங்காப்பட்டணம் எனக்குத் தெரிந்த ஊர்தான். குழித்துறை ஆறு கடலில் சேருகிற இடம். சின்ன வயதில் அப்பாவோடு புதுக்கடை வழியாகப் போயிருக்கிறேன். அந்த ஊரின் தெருக்களுக்குள் இப்படி ஒரு கதை கிடக்கிறது என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. பள்ளியில் எத்தனையோ ஊர்களைப் பற்றிப் பாடம் படித்தோம். தேங்காப்பட்டணத்தைப் பற்றி ஒரு பத்திகூட இல்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தம். பத்தாம் வகுப்பில் இந்த நாவலின் ஒரு அத்தியாயத்தைக் கொடுத்திருந்தால், பக்கத்து பெஞ்சில் இருந்த முஸ்லிம் தோழியின் வீட்டைப் பற்றி நான் இன்னும் அக்கறையோடு கேட்டிருப்பேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பெண்கள் படிப்பு எங்கள் மாவட்டத்துக்குப் புதிய காரியம் இல்லை. மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் கணவரோடு நாகர்கோவிலுக்கு வந்தது 1819-இல். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும், லேஸ் பின்னும் தொழிலும் அவர் தொடங்கி வைத்தவை. இருநூறு வருஷத்துக் கதை அது. 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். மேடையில் ஏறுகிற எல்லோரும் இந்த எண்ணைச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான், பெருமைதான். ஆனால் பக்கத்திலேயே பள்ளிக்கூடம் இருந்த ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் லிஸி வீட்டுக்குள் இருந்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் திறப்பது ஒரு வேலை, வீட்டின் நடையைத் திறப்பது வேறொரு வேலை. இரண்டாவது வேலையை யார் செய்தார்கள், எத்தனை பேர் அதற்காக வீட்டில் திட்டு வாங்கினார்கள் என்பதற்குப் புள்ளிவிவரம் கிடையாது. இந்த நாவல்களில்தான் இருக்கிறது.

மூன்றாவது, நீல. பத்மநாபனின் தலைமுறைகள். 1968-இல் வந்தது. மகிழ்ச்சி என்ற பெயரில் 2010-இல் படமாகவும் எடுத்தார்கள். மூன்றில் இதுதான் படிக்கக் கஷ்டமான புத்தகம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரணியல் செட்டிமார்களின் சடங்கு, சம்பிரதாயம், பலகாரம், பழமொழி எல்லாம் நிறைந்து கிடக்கிறது, பேச்சும் நிறையவே வட்டார வழக்கு. எனக்கே சில சொற்களுக்கு அம்மாவைக் கேட்க வேண்டியிருந்தது. அம்மா சில சொற்களுக்கு “அது செட்டியார் வீட்டுல சொல்லுதது” என்று கைவிரித்துவிட்டார். எங்கள் வீட்டிலிருந்து இரணியலுக்கு எவ்வளவு தூரம்? அதற்குள் பேச்சு இப்படி மாறிவிடுகிறது.

கதையின் மையத்தில் திரவி என்ற பையன். அவனுடைய உண்ணாமலை ஆச்சிதான் வீட்டின் உயிர். ஆச்சி கதை சொல்கிற பக்கங்கள் அருமை. திரவியின் அக்காவைக் கட்டிக்கொடுத்த இடத்தில், அவள் பெண்ணே இல்லை என்று பழிசொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இதற்கு மேல் ஒரு பெண்ணைச் சொல்ல என்ன இருக்கிறது? அதற்குப் பிறகு அவள் பிறந்த வீட்டில் இருக்கிற இருப்பு இருக்கிறதே, அதை வாசிக்க மனம் கனத்துப் போயிற்று. சமையல் நடக்கிறது, நல்லநாள் வருகிறது, விருந்தாளி வந்து போகிறார்கள். யாருக்கும் அவளைப் பற்றி எந்த நினைப்பும் இல்லாத மாதிரியும், எல்லோருக்கும் அவளைப் பற்றி மட்டுமே நினைப்பு மாதிரியும் இருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன் அப்படிப்பட்ட வீடுகளை. இப்போதும் இருக்கின்றன.

திரவி படித்தவன். அக்காவுக்காக எதையாவது செய்ய வேண்டும் என்று துடிக்கிறான். எனக்குத் திரவியைப் பிடித்தது. ஆனால் இந்த நாவலிலும் எனக்கு ஒரு குறை. அக்காவின் மனதுக்குள் நாம் போவதே குறைவு. அவளுக்காகத் தம்பி யோசிக்கிறான், அவளுக்காக ஆச்சி அழுகிறாள், அவள் என்ன யோசித்தாள் என்று நான் தேடிக்கொண்டே இருந்தேன். இந்த ஒரு விஷயத்தில் ஹெப்சிபா ஜேசுதாசன் மற்ற இருவரையும் தாண்டி நிற்கிறார். லிஸி சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அவளுக்குள் என்ன ஓடுகிறது என்று நமக்குத் தெரிகிறது.

நடைக்கு உள்ளேயிருந்து ஒரு பெண் வாய் திறந்து பேசுவது இதற்கெல்லாம் முன்பே ஒன்று உண்டு. தேரூர் கவிமணியின் மருமக்கள்வழி மான்மியம். சொத்தெல்லாம் அக்கா தங்கை பிள்ளைகளுக்குப் போகிற அந்தக் கால நாஞ்சில்நாட்டு வழக்கத்தில், காரணவருக்கு, அதாவது குடும்பத் தலைவருக்கு, ஐந்தாவதாக வாக்கப்பட்டு வந்தவள் தன் கதையைத் தானே சொல்கிறாள். மாமியாரையும் நாத்தனாரையும் மற்ற மனைவிகளையும் அவள் விட்டுவைப்பதில்லை. படிக்கிறபோது சிரிப்பு வரும், சிரித்த அடுத்த வரியில் வயிறு கலங்கும். 1926-இல் அந்த வழக்கம் சட்டப்படி மாறியது. கல்லூரியில் நான் படித்ததை இப்போது திரும்ப எடுத்துப் பார்த்தேன். அன்றைக்குப் பரீட்சைக்காகப் படித்தபோது அந்தப் பெண்ணின் குரல் என் காதில் விழவே நேரமில்லை.

சரி, இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

மூன்று வீட்டிலும் பெண்ணை உள்ளே வைத்தார்கள். ஏன் என்று அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோது அம்மா சொன்ன பதில் எனக்குப் புதிய வழியைக் காட்டிவிட்டது. “நம்ம வீட்டுல எங்க மக்ளே உள்ள வைக்கது? அக்கானி காய்ச்சுதது யாரு?” என்றார். அதுதான் உண்மை. பாட்டா பனையிலிருந்து இறக்குகிற அக்கானியை, அதாவது பதநீரை, அன்றைக்கே காய்ச்சியாக வேண்டும், இல்லையென்றால் புளித்துவிடும். காய்ச்ச விறகு வேண்டும். விளையில் சுள்ளி பொறுக்கி, ஓலை இழுத்துக்கொண்டு வந்து, அடுப்பு முன்னால் மணிக்கணக்காக உட்கார்ந்து, பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றி, ஆறியதும் கருப்பட்டியைத் தட்டி எடுத்து, திங்கள்சந்தைக்குத் தலையில் வைத்துச் சுமந்துபோனது எங்கள் வீட்டுப் பெண்கள். அவர்களை யாரும் நடைக்குள்ளே வைக்கவில்லை. வைத்தால் அடுப்பு எரியாது.

ஆக, பெண்ணை வீட்டுக்குள் வைப்பது என்பது கையில் கொஞ்சம் காசு வந்த வீடுகளின் காரியம். வடக்கு வீட்டுக்கும் புத்தம் வீட்டுக்கும் அது அந்தஸ்து. எங்கள் வீட்டுப் பெண்கள் வெயிலில் நடந்தார்கள், சந்தையில் பேரம் பேசினார்கள், ஆனால் பள்ளிக்கூடத்துக்கு அவர்களும் போகவில்லை. லிஸிக்கு நடை தாண்ட அனுமதி இல்லை, என் ஆச்சிக்கு நேரம் இல்லை. இரண்டு பேருக்கும் கிடைக்காதது ஒன்றேதான். இதை யோசித்த பிறகு நான் அந்த மூன்று நாவல்களையும் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. புத்தம் வீட்டில் அன்பையனின் வீட்டுப் பெண்கள் என்ன செய்துகொண்டிருந்திருப்பார்கள் என்று என் மனம் தேடிப் போகிறது.

அந்தத் தேடலில்தான் மலர்வதியின் தூப்புக்காரியை எடுத்தேன். எங்கள் மாவட்டத்துப் பெண். 2012-இல் இந்த நாவலுக்கு சாகித்திய அகாதெமி இளம் எழுத்தாளர்களுக்குக் கொடுக்கிற யுவ புரஸ்கார் கிடைத்தது. விருது கிடைத்த செய்தியை அப்போதே பேப்பரில் பார்த்த ஞாபகம், புத்தகம் கையில் கிடைத்தது இப்போதுதான். தூப்பது என்றால் எங்கள் பக்கம் பெருக்குவது. கனகம் பெருக்கிப் பிழைக்கிறவள், அவள் மகள் பூவரசி. இந்த வீட்டில் பூட்டுவதற்குக் கதவே கிடையாது என்று சொல்லலாம். தாயும் மகளும் ஊரின் அழுக்கை எல்லாம் கையால் அள்ளுகிறார்கள். ஊர் அவர்களைத் தள்ளி நிறுத்துகிறது.

இந்த நாவலின் கட்டுமானத்தில் குறை சொல்ல வேண்டுமென்றால் சொல்லலாம். சில இடங்களில் ஆசிரியரே முன்னால் வந்து பேசிவிடுகிறார், அழுகை கொஞ்சம் அதிகம். ஆனால் வேலை பற்றி எழுதியிருக்கிற இடங்கள் இருக்கின்றனவே, அவை யாரிடமோ கேட்டு எழுதினவை அல்ல என்பது இரண்டு வரியில் தெரிந்துவிடும். வாசனையிலிருந்து எழுதியிருக்கிறார். வேலை முடித்து வந்தவள் சோற்றில் கை வைக்கும்போது மனசு என்ன செய்யும் என்பதை வெளியே நின்று பார்க்கிறவர் எழுத முடியாது. மற்ற மூன்று நாவல்களையும் விட இது சிறந்த நாவல் என்று நான் சொல்லவில்லை. மற்ற மூன்றிலும் இல்லாத ஆட்கள் இதில் இருக்கிறார்கள். எனக்கு அது பெரிது.

அம்மா இதைக் கேட்கும்போது வெற்றிலை இடிக்கவில்லை. கனகத்தின் கையைப் பற்றி வருகிற இடத்தில் தன் கையைப் பார்த்துக்கொண்டார். அம்மா கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அண்டியாபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், வேலை பார்த்தவர். அண்டி தல்லுகிற வேலை. வறுத்த அண்டியைக் கட்டையால் தட்டி உடைக்கும்போது ஓட்டிலிருந்து வருகிற எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். கையில் சாம்பல் பூசிக்கொண்டு தட்டுவார்கள், அப்படியும் விரல் கறுத்துக் கிடக்கும். பருப்பு உடையாமல் முழுசாக வர வேண்டும், எடை போட்டுத்தான் கூலி. எங்கள் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் இந்த வேலையில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள். என் பி.காம். ஃபீஸ் கட்டியது அந்தக் கைதான். அந்தப் பெண்கள் காலையில் கூட்டமாக ரோட்டில் நடந்துபோவது, டிபன் பாத்திரம், சிரிப்பு, மேஸ்திரியைப் பற்றிய பேச்சு, கூலி நாளில் வாங்கும் சாளை மீன், இதெல்லாம் ஒரு நாவலுக்குள் முழுசாக வந்து நான் படிக்கவில்லை. எனக்கு அது வேண்டும். சும்மா ஓரமாக வந்து போகிற பாத்திரமாக வேண்டாம், கதையே அவர்களுடையதாக வேண்டும்.

ரப்பர் பற்றிய நாவல் இருக்கிறதே என்று கேட்பார்கள். ஜெயமோகனின் ரப்பர், 1990-இல் வந்தது, அதையும் படித்தேன். காட்டை அழித்து எஸ்டேட் போட்ட பெருவட்டரின் குடும்பம் எப்படி வளர்ந்து எப்படிச் சரிகிறது என்பதை அது சொல்கிறது. நான் தினமும் தொட்டு எழுதுகிற ஷீட்டுக்குப் பின்னால் எத்தனை மரம், எத்தனை மனிதர்கள் போனார்கள் என்று அதைப் படித்த பிறகு நினைக்காமல் இருக்க முடியவில்லை. நல்ல நாவல். ஆனால் கருக்கலில் தலையில் லைட் கட்டிக்கொண்டு மரம் மரமாக வெட்டிப் போகிற ஆளும், பாலை எடுத்து ஆசிட் விட்டு உறையவைத்து மெஷினில் பரத்திப் புகைக்கூட்டில் தொங்கவிடுகிற அவர் மனைவியும் என் கண்ணில் நிற்கிறார்கள். எங்கள் கடைக்கு ஷீட் கொண்டுவருகிறவர்களில் பாதிப்பேர் பெண்கள். தராசு முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நிற்பார்கள். அவர்களின் கதையும் எழுதப்பட வேண்டும்.

சுந்தர ராமசாமியின் ஒரு புளியமரத்தின் கதையை முன்பே படித்திருக்கிறேன். 1966-இல் வந்தது. நாகர்கோவில் வேப்பமூடு சந்திப்பில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் அந்த நாவல் ஞாபகம் வரும். அதை இந்த வரிசையில் வைத்து இப்போது யோசித்தால், அது தெருவின் கதை, ஆண்களின் கதை. வியாபாரி, பத்திரிகைக்காரர், தேர்தலில் நிற்கிறவர், கதை சொல்லும் ஆசான் என்று சந்திப்பு முழுக்க ஆண்கள். அது அந்தக் காலத்து உண்மை. அந்த நேரத்தில் பெண்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டால், இரண்டு வருஷம் முன்னால் வந்த புத்தம் வீட்டில் இருந்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரே காலத்தின் உள்ளும் வெளியும் தெரியும். ஜே.ஜே: சில குறிப்புகளையும் எடுத்துவந்தேன், இந்த மழைக்கு அது எனக்குள் இறங்கவில்லை, அடுத்த பருவத்துக்கு வைத்திருக்கிறேன்.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கடையில் ஒரு தம்பி கேட்டான். தூப்புக்காரியையும் புத்தம் வீட்டையும் முதலில் படி என்றேன். இரண்டும் பெண்கள் எழுதியவை, இரண்டும் சின்னவை, வட்டாரப் பேச்சு நம் காதுக்குப் பழகியது. அப்புறம் தோப்பில். அரபுச் சொற்கள் வந்தால் நின்றுவிடாமல் மேலே படித்துக்கொண்டே போனால் நாலைந்து அத்தியாயத்தில் பழகிவிடும். தலைமுறைகளை அவசரப்பட்டு எடுக்கக் கூடாது, நாள் இருக்கும்போது, முடிந்தால் வீட்டில் வயசான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். நான் அடுத்ததாக தோப்பிலின் துறைமுகம் எடுக்கப் போகிறேன். கடற்கரைப் பெண்களைப் பற்றி, அதுவும் அவர்களில் ஒருவரே எழுதிய நாவல் இருந்தால் வாங்கித் தாருங்கள் என்று நூலக அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அண்டியாபீஸ் நாவலையும் கேட்டிருக்கிறேன்.